உப்புப் பூத்த சுவரும் ஓர் அங்குல இடைவெளியும்

மதுரை வடக்கு மாசி வீதிக்கு அருகில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டின் கூடத்துச் சுவரில், இடுப்பளவு உயரத்துக்கு உப்புப் பூத்து, பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்தது. முதலில் அழைத்த ஒப்பந்தக்காரர் சிமெண்டால் பூசி, பிளாஸ்டிக் பெயிண்டும் அடித்துக் கொடுத்தார். அடுத்த மழைக்காலத்தில் ஈரம் இன்னும் ஓரடி மேலேறி நின்றது. செங்கல் தரையிலிருந்து உறிஞ்சும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் வழியே காற்றில் கலந்துவிடும் என்பதும், சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும் என்பதும், பணத்தைத் தொலைத்த பிறகே எனக்கு விளங்கின.

செக்கானூரணியிலிருந்து வந்த முதிய கொத்தனார், 1636இல் எழுந்த திருமலை நாயக்கர் அரண்மனையின் சுண்ணாம்புச் சுதைவேலையைச் சுட்டிக்காட்டி, சிமெண்ட் முழுவதையும் கொத்தி எடுத்துக் கோடை முழுவதும் சுவரைக் காயவிட்டார். பிறகு, தொட்டியில் ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்குக்கு மணல் மூன்று பங்கு கலந்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிப் புளித்த நீரை விட்டு அரைத்துப் பூசினார். கூடமெங்கும் கள்ளுக்கடை வாடை. அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடமாடினார். பூச்சு வெடிக்காமலிருக்க, ஈரச் சாக்கைப் போர்த்தி மெல்ல இறுகவிட்டோம்.

பின்கட்டில் சமையலறையைச் சேர்த்தபோது, பழைய சுவரோடு பிணைக்காமல், தனி அஸ்திவாரம் போட்டு ஓர் அங்குல இடைவெளி விட்டோம். எப்போதோ மண்ணில் அமர்ந்துவிட்ட கட்டடத்தோடு இனிமேல்தான் அமரப்போகும் சுவரைக் கட்டிப்போட்டால் விரிசல் விழும். மழைநீர் புகாதபடி மேலே தகரம் மடித்து அடித்திருக்கிறோம். பல்லிகள் மட்டும் அந்த இடுக்கில் குடியேறிவிட்டன.