மையவாதத்தில் எங்கே சறுக்குகிறார்கள்?

இடதுசாரி, வலதுசாரி யோசனைகளைக் கலந்து ஆட்சி செய்வதுதான் மையவாதம். அதை நடுநிலை என்று எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. நடுநிலையாளர் எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கலாம். மையவாத அரசால் அது முடியாது. வரியில் ஒரு பக்கம், கூலியில் இன்னொரு பக்கம் என்று ஒவ்வொன்றிலும் முடிவெடுத்தே ஆக வேண்டும்.

இரண்டு கொள்கைகளையும் கூட்டி இரண்டால் வகுப்பதும் கலவை ஆகாது. 1997இல் பிரிட்டனில் டோனி பிளேர் அரசு செய்ததைப் பாருங்கள். பதவியேற்ற ஒரு வாரத்துக்குள் வட்டி விகிதத்தைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை பாங்க் ஆஃப் இங்கிலாந்திடம் கொடுத்துவிட்டார்கள். சந்தையின் நம்பிக்கைக்காக அது. அதே ஆண்டில், தனியார்மயமான மின்சார, குடிநீர் நிறுவனங்கள் மீது ஒருமுறை மட்டும் வரி போட்டு, அந்தப் பணத்தில் வேலையில்லாத இளைஞர்களுக்கான திட்டத்தை 1998இல் தொடங்கினார்கள். 1999 ஏப்ரலில் குறைந்தபட்ச ஊதியமும் வந்தது: மணிக்கு 3.60 பவுண்டு. எவ்வளவு என்று பரிந்துரைக்கும் 9 பேர் குழுவில் தொழிற்சங்கத் தரப்பில் 3 பேர், முதலாளிகள் தரப்பில் 3 பேர், எந்தத் தரப்பையும் சேராதவர்கள் 3 பேர். அதனால் இரு தரப்புக்கும் அந்தத் தொகையில் பங்கு இருந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, எது முதலில், எது பிறகு என்ற வரிசையைக் கவனிக்காமல் விடுவது. இதற்கு அதிபர் எமானுவேல் மக்ரோனின் பிரான்ஸ்தான் பாடம். 2017 அக்டோபரில் வீட்டு வாடகை உதவித்தொகையில் மாதம் 5 யூரோ வெட்டு. 2018 ஜனவரியில் பெரும் பணக்காரர்களின் மொத்தச் சொத்து மீதான வரி போய், அவர்களின் வீடு, நிலம் மீது மட்டுமான வரி வந்தது. அவர்களுக்கு முழுச் சலுகையும் ஒரே நாளில் கிடைத்தது. ஏறக்குறைய 80 சதவீதக் குடும்பங்களுக்கான குடியிருப்பு வரித் தள்ளுபடியோ 30, 65, 100 சதவீதம் என்று மூன்று ஆண்டுகளில் தவணையாக வந்தது. இதற்கு நடுவே, 2019 ஜனவரி முதல் டீசலுக்கு லிட்டருக்கு 6.5 சென்ட் கூடுதல் வரி என்ற அறிவிப்பு. பஸ் வசதியில்லாத ஊர்க்காரர் வேலைக்குக் காரில்தானே போக வேண்டும்? 2018 நவம்பர் 17 அன்று மஞ்சள் அங்கி அணிந்த போராட்டக்காரர்கள் சாலைகளை மறித்தார்கள். டிசம்பரில் அந்த வரி உயர்வு கைவிடப்பட்டது.

ஆகவே திட்டத்தை அறிவிக்கும் முன் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள்: யாருக்கு இழப்பு, எந்த மாதத்திலிருந்து, யாருக்கு வரவு, எந்த மாதத்திலிருந்து. இழப்பு முதலிலும் வரவு பிறகும் ஒரே வீட்டில் விழுந்தால் தேதியை மாற்ற வேண்டும்.

இரு தரப்பின் யோசனைகளை எடுத்துக்கொண்டால் இரு தரப்பின் வாக்குகளும் வந்துவிடும் என்று நம்பவும் கூடாது. 2022 நாடாளுமன்றத் தேர்தலில் மக்ரோன் அணிக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. ஓய்வூதிய வயதை 62இலிருந்து 64 ஆக்கும் சட்டத்தை 2023 மார்ச்சில் கீழவையின் இறுதி வாக்கெடுப்பு இல்லாமலே நிறைவேற்ற வேண்டியதாயிற்று. அடுத்து வந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் வெறும் 9 வாக்குகளில்தான் தோற்றது.