நீள ஷாஃப்ட்டுக்கு நானே செய்த ஸ்டெடி

20 மி.மீ. விட்டம், 600 மி.மீ. நீள ஷாஃப்ட். லேத்தில் (கடைசல் இயந்திரம்) மறுமுனைக்கு டெயில்ஸ்டாக் தாங்கல் கொடுத்துக் கடைந்தும் நடுவில் அதிர்ந்தது. அந்த இடம் பருத்தே வந்தது. விட்டத்தைப் போல் பத்துப் பன்னிரண்டு மடங்கு நீளம் போனாலே நடுவில் தாங்கல் தேவை. அந்தத் தாங்கல்தான் ஸ்டெடி. என் பழைய லேத்துக்குப் பொருந்தும் ஸ்டெடி எங்கும் கிடைக்கவில்லை.

தடித்த இரும்புத் தகட்டில் வளையம் வெட்டி, லேத்தின் பெட்டில் (அடித்தளத் தண்டவாளம்) உட்காரும் அடிக்கட்டையோடு வெல்டிங் வைத்தேன். 120 டிகிரி இடைவெளியில் ஷாஃப்ட்டைத் தாங்க மூன்று விரல்கள், நுனியில் கன்மெட்டல் (ஒரு வெண்கல வகை). வெறும் இரும்பு நுனி ஷாஃப்ட்டைக் கீறிவிடும்.

உயிரே விரல்களைப் பொருத்துவதில்தான். ஷாஃப்ட் நடுவில் மெல்லிய வெட்டுகளாக, விரல்கள் தொட ஒரு தடம் கடைந்தேன். டயல் கேஜை (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கருவி) மேலேயும் பக்கத்திலும் மாற்றி வைத்து, முள் அசையாதபடி ஒவ்வொரு விரலாகத் தொடவைத்தேன். தாராளமாக எண்ணெய். ஒரு பாதியை முடித்துத் திருப்பிப் பிடித்து மறுபாதி. அதிர்வு நின்றது, நடுப்பருமனும் போனது.