பாஸினெட் தலைக்கவசம் வரைவது எப்படி?

ஐரோப்பியக் குதிரைவீரனை வரையச் சொன்னால் நம்மில் பலர் கவிழ்த்த வாளியைத்தான் வரைவோம். கண்ணுக்கு ஒரு கீறல், மேலே ஒரு இறகு. நானும் அப்படித்தான் தொடங்கினேன். அந்த வாளியும் பொய்யில்லை, 13-ஆம் நூற்றாண்டில் தட்டை உச்சிக் கவசங்கள் புழக்கத்தில் இருந்தன. ஆனால் 1390 வாக்கில் போர்க்களத்தில் அதிகம் தென்பட்டது பாஸினெட். இன்று அதை வரைவோம். பார்த்து வரைய, இத்தாலியின் தென் டிரோலில் இருக்கும் சுர்பர்க் கோட்டையின் கவசப் படங்களைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: மண்டை

பக்கவாட்டில் ஒரு முட்டை வரையுங்கள். கூர்முனை மேலே, கொஞ்சம் பின்னால் தள்ளி இருக்கட்டும். காரணம் தெரிய வேண்டுமா? ஒரு எவர்சில்வர் சொம்பைக் கவிழ்த்து, பென்சில் முனையால் மேலிருந்து குத்துங்கள். தட்டையான அடிப்பாகத்தில் பென்சில் நிற்கும். வளைந்த பக்கத்தில் வழுக்கிக்கொண்டு ஓடும். கவசக் கொல்லன் நம்பியது இந்த வழுக்கலைத்தான். கோடரியை நிறுத்துவதைவிடத் திசைதிருப்பி விடுவது மண்டைக்கு நல்லது.

படி 2: முகமூடி

முகத்துக்கு முன்னால் கூம்பு போல நீளும் ஒரு மூக்கு வரையுங்கள். இந்த வகைக்கு ஹவுன்ஸ்கல் என்று பெயர். பார்க்க நாய்மூஞ்சி போலத்தான் இருக்கும். மூக்கின் இரு பக்கமும் சரிவு. நேராக வரும் ஈட்டிமுனைக்குப் பிடி கிடைக்காது. தகடு முகத்தைவிட்டுத் தள்ளி நிற்பதால், நசுங்கினாலும் உடனே மூக்கில் இடிக்காது.

கண்கீறலைக் கோடாகப் போட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். புதிதாக வரைபவர்கள் அதிகம் கோட்டைவிடும் இடம் இதுதான். கீறலின் ஓரத்தில் தகடு உதடுபோல வெளியே பிதுங்கியிருக்கும். வழுக்கி வரும் முனை கண்ணுக்குள் போகாமல் அந்த உதட்டில் முட்டி நிற்கும். அதற்கு ஒரு மெல்லிய நிழல் கொடுங்கள், படம் சட்டென்று உயிர் பெறும்.

மூச்சுத்துளைகள் மூக்குப் பகுதியில். பல கவசங்களில் வலப்பக்கம் நிறைய, இடப்பக்கம் குறைவு. வலக்கைக்காரர்கள் எதிரெதிரே மோதும்போது ஈட்டி பெரும்பாலும் இடப்பக்கத்தில்தான் படும். துளை கூடினால் தகடு பலவீனப்படும்.

முகம் எவ்வளவு ஆபத்தான இடம் என்பதற்கு ஒரு சாட்சி: 1403-இல் இங்கிலாந்தில் நடந்த ஷ்ரூஸ்பரி போரில் 16 வயது இளவரசர் ஹென்றியின் முகத்தில் அம்பு ஆழமாகத் தைத்தது. ஜான் பிராட்மோர் என்ற அறுவை வைத்தியர் தானே ஒரு இடுக்கிக் கருவி செய்து அம்புமுனையை வெளியே எடுத்தார். பிழைத்தவர் பிறகு மன்னர் ஐந்தாம் ஹென்றி ஆனார்.

படி 3: கழுத்து

மண்டையின் கீழ் விளிம்பு நெடுகச் சின்னச் சின்ன வளையக் கொக்கிகள் போடுங்கள். அவற்றின் மேல் ஒரு தோல்பட்டை. பட்டையின் துளைகள் வழியே கொக்கிகள் வெளியே தலைநீட்டும், கொக்கிகளுக்குள் ஒரு கயிறு ஓடும். இரும்பு வளையங்களைக் கோத்த வலை அந்தப் பட்டையில் தைக்கப்பட்டுத் தோள்வரை தொங்கும். கயிற்றை உருவினால் வலை முழுதும் கழன்று வரும். துரு எடுக்க, பழுது பார்க்க அது வசதி. ஒவ்வொரு வளையத்தையும் வரைந்து கையை ஒடித்துக்கொள்ள வேண்டாம். வரிசைக்கு வரிசை திசை மாறும் பிறைக்கோடுகள் போதும்.

படி 4: உள்பக்கம்

முகமூடியைத் தூக்கிய நிலையில் வரைந்தால் மட்டும் இது தேவை. பஞ்சோ குதிரைமயிரோ திணித்துத் தைத்த துணிமெத்தை உள்ளே இருக்கும். வெறும் இரும்பு தலையில் பட்டால் வழுக்கிய அடிகூட வலிக்கும்.

படி 5: அம்புச் சோதனை

முடிந்ததும் சிவப்புப் பென்சிலால் முன்னே, மேலே, பக்கவாட்டில் என்று பல திசைகளிலிருந்து படத்தை நோக்கி அம்புக்கோடுகள் இழுங்கள். ஒவ்வொன்றும் பட்டபின் எங்கே வழுக்கிப் போகிறது என்று தொடருங்கள். எங்காவது பள்ளத்தில் மாட்டினால் அந்த வளைவைத் திருத்துங்கள். என் முதல் படத்தில் வலையைத் தோளுக்கு மேலேயே முடித்துவிட்டிருந்தேன். நெற்றியில் பட்டு வழுக்கிய கோடுகள் எல்லாம் நேரே தொண்டைக்குள் போயின.