கறுப்புக் கல் சமையல் மேடை: பாலிஷா, மேட்டா, லெதரா?

புது வீட்டுச் சமையலறைக்குக் கறுப்புக் கல் போடுவதென்று முடிவு செய்தவர்கள் கல்லின் நிறத்தையும் சதுர அடி விலையையும் பற்றி நிறையவே விசாரிக்கிறார்கள். அதன் மேற்பரப்பு எப்படி முடிக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற கேள்வியை மட்டும் கடைக்காரரிடமோ மேஸ்திரியிடமோ விட்டுவிடுகிறார்கள். கடையில் பார்க்கும் மாதிரிக் கல் உலர்ந்திருக்கும், துடைக்கப்பட்டிருக்கும், அதற்கென்றே அமைத்த விளக்கின் கீழ் இருக்கும். வீட்டு மேடையோ காலை முதல் இரவு வரை நனைந்து காய்ந்துகொண்டே இருக்கும். ஆகவே, எந்த ஃபினிஷ் அழுக்கைக் காட்டாது என்று கேட்பதைவிட, படிந்த அழுக்கு எந்த ஃபினிஷிலிருந்து எளிதில் போகும் என்று கேட்பதே சரியான தொடக்கம் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான விடை பெரும்பாலும் உங்கள் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரில்தான் இருக்கிறது.

முதலில் கல் எது என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். கறுப்பு கிரானைட் என்று நாம் வாங்கும் கல்லில், உண்மையான கிரானைட்டில் ஏராளமாக இருக்கும் குவார்ட்ஸ் என்னும் கனிமம் மிகக் குறைவு. விழுப்புரம் மாவட்டத்துக் குன்னத்திலும், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளிலும், கர்நாடகத்தின் சாமராஜநகரிலும் வெட்டியெடுக்கப்படும் அடர்கறுப்புக் கல் டாலரைட் வகையைச் சேர்ந்தது. பழைய பாறைகளின் வெடிப்புகளுக்குள் பாறைக்குழம்பு புகுந்து இறுகியதால் உண்டான இந்தக் கல்லில் பைராக்ஸீன், ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமங்கள் இடைவெளியின்றிப் பின்னிக் கிடப்பதால், அது தண்ணீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும். எலுமிச்சையும் புளியும் சமையலில் சிந்தும் அளவுக்கு அதைப் பாதிப்பதில்லை. ஆந்திரத்தில் ஓங்கோலுக்கு அருகே சீமகுர்த்தியில் கிடைக்கும் பிளாக் கேலக்ஸியும் இதற்கு நெருங்கிய உறவுதான். அதில் பொன்னிறமாக மின்னுபவை பைராக்ஸீன் வகைக் கனிமத் துகள்கள்.

கடப்பாக்கல் அப்படியல்ல. அது சுண்ணாம்புக்கல். எலுமிச்சைச் சாறு, தயிர், புளிக்கரைசல் எதுவாக இருந்தாலும் அதன் மேற்பரப்பை அரித்து வெளிறிய தடத்தை விட்டுச் செல்லும். வாங்கப்போகும் கல்லின் வெட்டுத்துண்டு ஒன்றில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டுப் பத்து நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். அந்த இடம் மங்கியிருந்தால் அது சுண்ணாம்பு கலந்த கல் என்று அறியலாம். கூடவே, நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனைப் பஞ்சில் நனைத்துத் தேயுங்கள். பஞ்சில் கறுப்பு ஏறினால், சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயம் ஏற்றி விற்கிறார்கள் என்ற சந்தேகம் நியாயமானது. அப்படிப்பட்ட கல் எந்த ஃபினிஷிலும் சில வருடங்களில் திட்டுத்திட்டாக வெளுக்கும். கடப்பாக்கல்லையே போடுவதென்றால் அதைப் பளபளப்பாக்க வேண்டாம். அரிப்புத் தடங்கள் ஒளிராத மேட் பரப்பில் கலந்துபோகும். பாலிஷில் ஒவ்வொன்றும் தனித்தனியே தெரியும்.

இனி டாலரைட் வகைக் கறுப்புக் கல்லுக்கே வருவோம். தொழிற்சாலையில் ஸ்லாப் எனப்படும் பெரிய கற்பலகையை முதலில் கரடான உராய்வுக் கற்களாலும், பின்னர் படிப்படியாக நுண்ணியவற்றாலும் தேய்க்கிறார்கள். இறுதிவரை கொண்டுபோனால் பாலிஷ் ஃபினிஷ் கிடைக்கிறது. இடையிலேயே நிறுத்திவிட்டால், கடைகளில் ஹோண்டு என்றும் மேட் என்றும் சொல்லும் மழுமழுப்பான, ஒளிராத பரப்பு கிடைக்கிறது. லெதர் ஃபினிஷுக்கு வைரத் துகள் பதித்த தூரிகைகளால் பரப்பைத் தேய்க்க, மென்மையான கனிமங்கள் சற்று அதிகமாகத் தேய்ந்து சிறு பள்ளங்களாகவும், உறுதியானவை வழவழப்பான சிறு மேடுகளாகவும் நிற்கின்றன. பல வருடம் புழங்கிய அம்மியைத் தடவிப் பார்த்தவர்களுக்கு லெதர் ஃபினிஷின் தொடுகை புதிதாக இருக்காது. தீச்சுவாலையால் சுட்டுச் சொரசொரப்பாக்கும் ஃபிளேம்டு ஃபினிஷ் வாசற்படிக்கும் மாடிப்படிக்கும் உரியது. சமையல் மேடைக்கு அதை யார் பரிந்துரைத்தாலும் ஏற்க வேண்டாம்.

நிறத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரே ஸ்லாப்பிலிருந்து வெட்டிய மூன்று துண்டுகளை மூன்று விதமாக முடித்தால் அவை மூன்று வேறு கற்களைப் போலத் தெரியும். பாலிஷ் பரப்பில் விழும் ஒளி ஒரே திசையில் திரும்பிவிடுவதால் மற்ற கோணங்களிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அடர்ந்த கறுப்பு தெரிகிறது. மேட் பரப்பு ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிப்பதால் அதே கறுப்பு சாம்பலாகிவிடுகிறது. அதன்மேல் தண்ணீரோ எண்ணெயோ பட்ட இடம் மட்டும் திரும்பவும் கறுத்துத் தெரிவதால்தான் மேட் மேடையில் கைரேகை அவ்வளவு துலக்கமாக நிற்கிறது. லெதர் இவ்விரண்டுக்கும் நடுவே, கறுப்பைப் பெருமளவு தக்கவைத்துக்கொள்கிறது. பிளாக் கேலக்ஸியை மட்டும் பாலிஷ் தவிர வேறெதிலும் எடுக்க வேண்டாம். அந்தக் கல்லுக்குக் கொடுக்கும் விலை அதன் மினுமினுப்புக்காகத்தான், மற்ற ஃபினிஷ்களில் அது அடங்கிவிடும்.

இப்போது தண்ணீர். ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசிய உப்புகள் நீர் ஆவியானதும் வெண்மையான படிவாக நிற்கின்றன. வெள்ளைக் கல்லில் கண்ணுக்குப் படாத இந்த உப்புக்கறை கறுப்புக் கல்லில் முதல் வாரமே தெரிந்துவிடும். பாலிஷ் மேடையில் இது உடனே, அப்பட்டமாகத் தெரிகிறது. அதனால்தான் பலர் எரிச்சலடைந்து லெதருக்குப் போகிறார்கள். ஆனால் பாலிஷ் பரப்பில் படிவுக்குப் பிடிமானம் கிடையாது. ஈரத்துணியைச் சிறிது நேரம் அதன்மேல் போட்டு வைத்து, பிளாஸ்டிக் சுரண்டியால் மெல்லத் தள்ளினால் வந்துவிடும். லெதரில் அதே படிவு பள்ளங்களுக்குள் இறங்குகிறது. முதல் சில மாதங்கள் எதுவும் தெரியாது. பிறகு குழாயின் அடிப்பகுதியிலும் சிங்க்கின் விளிம்பைச் சுற்றியும் மேடை நரைக்கத் தொடங்கும். அங்கே சுரண்டியும் செல்லாது, துணியும் எட்டாது. ஆகவே உப்புத் தண்ணீர் வீடுகளுக்கு என் பரிந்துரை பாலிஷ்தான். கறையைக் காட்டிக்கொடுப்பது அதன் குறை. ஆனால் காட்டிக்கொடுத்ததை எளிதில் விட்டுவிடுவது அதன் பலம்.

கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டுக்கும் அதே தெருவில் போர் தண்ணீரை மட்டுமே நம்பியிருக்கும் வீட்டுக்கும் ஆகவே ஒரே ஆலோசனையைச் சொல்ல முடியாது. உப்பு குறைந்த மென்மையான நீர் வரும் வீட்டில் லெதர் நன்றாகவே உழைக்கும். தண்ணீர் சுத்திகரிப்புக் கருவியிலிருந்து வெளியேறும் கழிவுநீரை வாளியில் பிடித்து வைத்து மேடையைத் துடைக்கப் பயன்படுத்தும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் நல்லதுதான் என்றாலும், அந்த நீரில் உப்பு செறிந்திருப்பதால் கறுப்பு மேடைக்கு அதைவிடக் கெடுதலான நீர் வேறில்லை. அதைத் தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

சமையல் வேலையின் தன்மையும் பார்க்க வேண்டியது. சப்பாத்தி மாவை மேடைமீதே தேய்ப்பவர்களுக்கும், ரவையோ அரிசிமாவோ அடிக்கடி சிந்தும் சமையலறைக்கும் லெதர் ஏற்றதல்ல; மாவு பள்ளங்களில் தங்கி, ஈரம் பட்டதும் பசையாகிவிடும். உறிஞ்சு அடிப்பாகத்தால் மேடையைக் கவ்விக்கொள்ளும் தேங்காய்த் துருவி வழவழப்பான பரப்பில் மட்டுமே நிற்கும் என்பதையும் யாரும் கடையில் சொல்லமாட்டார்கள். மேட் மேடையில் வேறொரு தொல்லை உண்டு. அலுமினியச் சட்டி, குக்கர் ஆகியவற்றை இழுத்தால் சாம்பல் நிறக் கோடுகள் விழும். அவை கீறல்கள் அல்ல, கல்லில் ஒட்டிக்கொண்ட உலோகம். சமையல் சோடாவைக் குழைத்து மெல்லத் தேய்த்தால் பெரும்பாலும் போகும், ஆனால் அதை வாரந்தோறும் செய்ய வேண்டியிருக்கும். மேட்டின் அடங்கிய அழகை நான் மறுக்கவில்லை. நாளொன்றுக்கு மூன்று வேளை தாளிக்கும் வீட்டுக்கு மட்டும் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வெளிச்சத்தையும் கவனியுங்கள். மேடைக்கு மேலுள்ள அலமாரியின் அடியில் எல்இடி பட்டை பொருத்துவதாக இருந்தால், பாலிஷ் கல்லில் அதன் ஒவ்வொரு புள்ளியும் பிரதிபலித்துக் கண்ணைக் கூசும். பால்நிற மூடியுள்ள பட்டையாக வாங்கினால் பெருமளவு தீரும். ஜன்னல் எதிரே மேடை இருந்தால் சாய்ந்த வெயிலில் தூசி முழுவதும் தெரியும். அதற்குத் தீர்வு துடைப்பதுதான்.

இவ்வளவையும் படித்துவிட்டு முடிவெடுப்பதைவிட, கல்லையே கேட்டுப் பார்ப்பது மேல். நீங்கள் வாங்கப்போகும் அதே ஸ்லாப்பின், அதே ஃபினிஷ் உள்ள ஓரடித் துண்டை கடையில் கேட்டு வாங்கி வாருங்கள். வெட்டில் மிஞ்சும் துண்டுகளைத் தரத் தயங்கும் கடைகள் குறைவு. புது வீட்டில் வரப்போகும் தண்ணீரை அதன்மேல் தெளித்து, துடைக்காமல் இரவு முழுவதும் காயவிட்டுக் காலையில் துடைத்துப் பாருங்கள். இதைத் தொடர்ந்து ஒரு வாரம் செய்தால்தான் படிவு சேரும் விதம் தெரியும். ஒரு மூலையில் நல்லெண்ணெய் ஒரு சொட்டை இரவில் விட்டு வையுங்கள்; காலையில் சோப்பு நீரால் துடைத்த பிறகும் அந்த இடம் கறுத்திருந்தால் கல் எண்ணெயைக் குடிக்கிறது என்று பொருள். குக்கரின் அடியால் உரசுங்கள். அரிசிமாவைத் தூவி, ஈரத்துணியால் ஒரே இழுப்பில் துடையுங்கள். இந்தச் சோதனைகளை வீட்டில் தினமும் மேடையைத் துடைக்கப்போகிறவர் செய்ய வேண்டும். வீடு கட்டும் பணத்துக்குக் கணக்கு வைப்பவர் மட்டும் பார்த்துவிட்டு ஒப்புதல் சொல்வது போதாது.

சோதித்தும் மனம் இரண்டாக இருந்தால் பாலிஷை எடுங்கள். தொழிற்சாலையில் பல தலைகள் கொண்ட கனமான இயந்திரம் அழுத்தித் தரும் பளபளப்பை, வீட்டில் கைமெஷினால் கறுப்புக் கல்லில் கொண்டுவருவது மிகக் கடினம். ஆனால் பாலிஷ் கல்லைப் பின்னாளில் மேட் ஆக்குவது, சேறும் சகதியுமான வேலை என்றாலும், நடக்கக்கூடியதே.

விளிம்பு வேலையைப் பற்றி ஆர்டர் கொடுக்கும்போதே பேசிவிட வேண்டும். வீட்டுக்கு வந்து வேலை செய்யும் பலரிடம் இருப்பவை பாலிஷ் தட்டுகள் மட்டுமே என்பதால், மேல்பரப்பு லெதராகவும் முன்விளிம்பு பளபளப்பாகவும் முடிந்துபோன மேடைகளை நிறையவே காணலாம். லெதரோ மேட்டோ எடுப்பதென்றால் விளிம்பு, சிங்க்குக்கு வெட்டிய பகுதியின் உள்பக்கம் ஆகியவற்றையும் அதே ஃபினிஷில் பட்டறையிலேயே முடித்துத் தர வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். இணைப்பு வரும் இடம் சிங்க்குக்கும் அடுப்புக்கும் அருகில் அமையாதபடி அளவு எடுக்கச் சொல்லுங்கள்.

சீலர் எனப்படும் காப்புத் திரவத்தை எல்லாக் கறுப்புக் கல்லுக்கும் பூசச் சொல்வார்கள். முதலில் ஒரு துளி தண்ணீரைப் பத்து நிமிடம் விட்டு, துடைத்த இடம் கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். கறுக்கவில்லை என்றால் கல்லுக்குள் எதுவும் இறங்கவில்லை. அங்கே பூசும் சீலரும் இறங்காமல் மேலேயே காய்ந்து மங்கலான படலமாக நின்றுவிடும். நெருக்கமான பாலிஷ் டாலரைட்டுக்குப் பெரும்பாலும் அது தேவைப்படுவதில்லை. மேட், லெதர் பரப்புகளில் கல் உறிஞ்சினால் மட்டும் பூசி, உறிஞ்சாமல் மிஞ்சியதைக் காய்வதற்கு முன் முழுவதும் துடைத்தெடுக்க வேண்டும்.

மேடை பதித்த பிறகு சுவர் டைல்ஸ் வேலை நடக்கும் நாட்களே அதற்கு மிகவும் ஆபத்தானவை. டைல்ஸில் ஒட்டிய சிமெண்டைப் போக்க ஆசிட் ஊற்றுவது வேலையாட்களின் பழக்கம். அது வழிந்து மேடையில் தங்கினால் பளபளப்பு போய்விடும், ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் கலந்த துப்புரவுத் திரவமாக இருந்தால் கல்லின் கனிமங்களையே கரைத்துவிடும். கழிப்பறைக்கு ஊற்றும் எதையும் மேடைக்குப் பயன்படுத்தக் கூடாது. டைல்ஸ் வேலையை முன்னதாகவே முடிக்க முடியாவிட்டால், மேடை முழுவதையும் தடித்த பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, விளிம்புகளை ஒட்டுநாடாவால் அடைத்து, ஒவ்வொரு நாள் மாலையும் விரிப்பைத் தூக்கி உள்ளே ஈரமோ சிமெண்ட் பாலோ இறங்கியிருக்கிறதா என்று நீங்களே பார்த்து, இருந்தால் அது காய்வதற்குள் நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்துவிடுங்கள்.