தலைவர் வேண்டாம், சரி, விதியும் வேண்டாமா?

மலேசியத் தோட்டத்து வாழ்க்கையில் அதிகாரம் என்பது துரை (நிர்வாகி), கிராணி (எழுத்தர்), கங்காணி (மேற்பார்வையாளர்) என்று மேலிருந்து இறங்கி வந்தது. அதைக் கேட்டு வளர்ந்த சுங்கை சிப்புட் ஊர்ப் பிள்ளைகள் இன்று டியூஷன் வகுப்போ கோத்தோங் ரோயோங்கோ (ஊர் கூடிச் செய்யும் பொதுவேலை) தொடங்கும்போது, "தலைவரெல்லாம் வேண்டாம், எல்லாரும் சமம்" என்கிறார்கள். மனதார வரவேற்கிறேன். ஆனால் தலைவரோடு சேர்த்து விதியையும் கைவிடுவதுதான் பெரிய தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் முளைக்கின்றன.

விதி இல்லையென்றால் லோரி வைத்திருப்பவரோ, குரல் உயர்ந்தவரோ, பணம் போட்டவரோ சொல்வதுதான் நடக்கும். பதவியில் இருக்கும் தலைவரை ஆண்டுக் கூட்டத்தில் மாற்றலாம். பதவியே இல்லாதவரை எந்தக் கூட்டத்தில் மாற்றுவது? ஆகவே எதை யார் முடிவு செய்யலாம் என்பதை முதல் நாளே எழுதிவிடுங்கள். 50 வெள்ளி (ரிங்கிட்) வரை வேலையைச் செய்பவரே முடிவெடுக்கட்டும். அதற்கு மேல் குழுவைக் கேட்கட்டும்.

2009-இல் பொருளாதார நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், பொதுத் தண்ணீரையும் காட்டையும் மக்களே காத்துவந்த ஊர்களை ஆராய்ந்தவர். நிலைத்து நின்ற ஊர்களில் விதிகள் தெளிவாக இருந்தன. அவற்றுக்குக் கட்டுப்படுகிறவர்களே அவற்றை வகுப்பதிலும் பங்கெடுத்தார்கள். முதல் முறை தவறியவருக்குச் சிறு தண்டனைதான். ஸ்பெயினின் வலென்சியாவில் விவசாயிகள் தேர்ந்தெடுத்த விவசாயிகளே வியாழன்தோறும் தேவாலய வாசலில் உட்கார்ந்து, வாய்க்கால் தகராறுகளை வாய்மொழியாகவே விசாரித்துத் தீர்க்கிறார்கள்.

அடுத்தது "யாராவது" என்ற சொல். "நாளைக்கு யாராவது அரிசி, எண்ணெய் எடுத்துட்டு வாங்க" என்று வாட்ஸ்அப்பில் போட்டால் கட்டைவிரல்கள் வரிசையாக வரும். மறுநாள் பார்த்தால் மூன்று மூட்டை அரிசி இருக்கும், எண்ணெய் இருக்காது. "எண்ணெய் 5 கிலோ, இன்னார், மாலை 5 மணிக்குள்" என்று பெயரோடு போடுங்கள். 2021 பெருந்தொற்றில் வெள்ளைக்கொடி இயக்கத்துக்கு ஒரு தலைவர் தேவைப்படவில்லை. கொடி கட்டிய வீட்டுக்கு உதவி வேண்டும் என்ற ஒரே விதி எல்லாருக்கும் புரிந்திருந்தது.

எல்லாவற்றுக்கும் எல்லாரும் தலையாட்ட வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். "இதனால் யாருக்காவது பாதிப்பு உண்டா?" என்று கேளுங்கள். இல்லையென்றால் செய்து பார்த்து, ஒரு மாதம் கழித்துத் திருத்திக்கொள்ளலாம்.

இரவு பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால் ஷிப்டு வேலைக்காரர்களும் கைக்குழந்தை வைத்திருக்கும் அக்காமாரும் வர முடியாது. வராதவர்களின் கருத்தைக் கேட்காமல் எடுத்த முடிவை எல்லாருடைய முடிவு என்று எப்படிச் சொல்வது?

பணத்தை ஒருவர் பையில் விடாதீர்கள். இருவர் சேர்ந்து எண்ணி, ரசீதைப் படமெடுத்து அன்றே குழுவில் போடட்டும். நம்பிக்கைக் குறைவால் அல்ல. நாளை ஒரு பேச்சு கிளம்பினால் பணத்தை வைத்திருந்தவருக்கு அதுதான் பாதுகாப்பு.

1966 சங்கச் சட்டப்படி ஏழு பேரோ அதற்கு மேலோ சேர்ந்த அமைப்பு பதிவு செய்ய வேண்டும். பதிவுப் பாரத்தில் பொறுப்பாளர்களின் பெயர் கேட்பார்கள். தயங்காமல் எழுதிக் கொடுங்கள். அந்தப் பொறுப்புகள் எப்போது, எப்படிக் கைமாறும் என்பதையும் சங்க விதிகளிலேயே சேர்த்துவிடுங்கள்.