சப்போர்ட் போனில் வரும் கேள்விதான் நாளைக்குப் போடும் பதிவு

சேலம் ஐந்து ரோடு பக்கம் இருக்கிற சின்ன மென்பொருள் நிறுவனம் எங்களுடையது. கொலுசுப் பட்டறை, சேகோ (ஜவ்வரிசி) ஆலை, இளம்பிள்ளை சேலை வியாபாரிகள் என்று உள்ளூர்த் தொழில்களுக்கு பில்லிங், ஸ்டாக் மென்பொருள் போட்டுக் கொடுக்கிறோம். நான் சப்போர்ட் போன் எடுக்கச் சேர்ந்தவள். யூடியூப், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் எல்லாம் பிறகு என் தலையில் வந்து விழுந்தன. எங்களைப் போன்ற சின்ன நிறுவனத்துக்காக இவற்றில் பதிவு போடுகிறவர்களுக்கு, நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். மார்க்கெட்டிங் படித்தவர்களுக்கு இதில் சிலது பிடிக்காமல் போகலாம்.

முதலில் நிறுத்த வேண்டியது லோகோ ஒட்டிய வாழ்த்துப் படம். பொங்கல், தீபாவளி, பொறியாளர் தினம் என்று ஊரில் எல்லாரும் ஒரே காலையில் ஒரே மாதிரி படம் போடுகிறார்கள். லைக் போட்டவர்கள் யாரென்று திறந்து பார்த்தால் பாதிப் பேர் நம் அலுவலகத்து ஆட்கள், மீதி அவர்களுடைய மச்சான்கள். அடுத்தது "டிஜிட்டல் மாற்றத்துக்கான முழுமையான தீர்வு" வகைப் பதிவு. வெள்ளித் தொழில் நடக்கும் செவ்வாய்ப்பேட்டையில் யாரும் தீர்வு வேண்டுமென்று போன் போடுவதில்லை. "பாப்பா, பட்டறைக்குக் கொடுத்த வெள்ளிக்கும் வந்த கொலுசுக்கும் கணக்கு இடிக்குது, என்னன்னு பாரு" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அந்த ஒரு வரியை அப்படியே வீடியோவுக்குத் தலைப்பாக வையுங்கள்.

நோட்டு போடுங்கள்

போன் பக்கத்தில் ஒரு கோடு போட்ட நோட்டு இருக்கட்டும். கூப்பிட்டவர் கேட்டதை அவர் வாயில் வந்தபடியே எழுதுங்கள். நம் மென்பொருளில் அதற்கு 'ஜாப் ஒர்க் ஸ்டாக் ரிப்போர்ட்' என்று பேர் இருக்கும். அவருக்கு அது தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. தேடும்போது அவர் டைப் செய்வதும் பேசித் தேடுவதும் தன் வார்த்தையில்தான். வாரக் கடைசியில் நோட்டைப் புரட்டினால் ஒரே கேள்வி வேறு வேறு ஆட்களிடமிருந்து திரும்பத் திரும்ப வந்திருக்கும். அதுதான் அடுத்த வாரப் பதிவு.

மேலே சொன்ன வெள்ளிக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பட்டறையிலிருந்து 800 கிராம் கொலுசு வந்து நிற்கிறது, 65 டச், அதாவது நூற்றுக்கு 65 பங்கு சுத்த வெள்ளி. அதில் சுத்த வெள்ளி 520 கிராம். இந்த 520-ஐயும் ஒப்புக்கொண்ட சேதாரத்தையும் கொடுத்த வெள்ளியில் கழித்தால் அந்தப் பட்டறையில் இன்னும் எவ்வளவு நிற்கிறது என்று தெரிந்துவிடும். மொத்த எடையை மொத்த எடையோடு கழிப்பதால்தான் பெரும்பாலும் இடிக்கிறது. வீடியோவில் முதலில் காகிதத்தில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். பிறகு மென்பொருளில் எந்தக் கட்டத்தில் டச் போட வேண்டும் என்று காட்டுங்கள். "நம்ம தொழில் தெரிஞ்ச ஆளுங்க" என்று பார்ப்பவருக்குத் தோன்றுவது காகிதக் கணக்கைப் பார்த்துத்தான். மென்பொருள் எல்லாரிடமும் இருக்கிறது.

சேகோ ஆலைக்காரர்களுக்கும் இதே முறைதான். அவர்கள் பேச்செல்லாம் 90 கிலோ மூட்டையில், பில் கிலோவில். மூட்டைக் கணக்கைக் கிலோவாக மாற்றும் இடத்தை மட்டும் காட்டினால் ஒரு வீடியோ முடிந்தது.

திரையைப் படம் பிடிக்கும்போது

பார்க்கிறவர் கையில் இருப்பது போன். கணினித் திரையை முழுசாகப் பதிவு செய்து போட்டால் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊரும். விண்டோஸ் விசையோடு கூட்டல் குறியை அழுத்தினால் திரை பெரிதாகும். பேசுகிற இடத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டுங்கள். சுழன்று வரும் லோகோ, பின்னணி இசை இரண்டும் வேண்டாம். கேள்வியோடு தொடங்குங்கள், உடனே விடைக்குப் போய்விடுங்கள்.

யூடியூப் ஷார்ட்ஸ் 2024 அக்டோபரிலிருந்து மூன்று நிமிடம் வரை போகலாம். ஒரு கேள்விக்கு அது தாராளம். ஆனால் ஷார்ட்ஸின் விளக்கப் பகுதியிலும் கருத்துப் பகுதியிலும் கொடுக்கிற இணைப்பைத் தட்டினால் திறக்காது. அங்கே இணையதள முகவரியைப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம். 'தொடர்புடைய வீடியோ' என்ற வசதியில் உங்கள் நீள வீடியோவைச் சேர்த்துவிடுங்கள். நீள வீடியோவின் விளக்கத்தில் 0:00 என்று ஆரம்பித்து குறைந்தது மூன்று நேரக் குறிப்புகள் கொடுத்தால் யூடியூப் அதை அத்தியாயங்களாகப் பிரித்துவிடும். கணக்கர் தனக்கு வேண்டிய இடத்துக்கு நேராகப் போய்க்கொள்வார்.

இங்கே ஒன்றைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். வாடிக்கையாளரின் உண்மையான பில்லைத் திரையில் காட்டவே காட்டாதீர்கள். ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்துகள். முதல் இரண்டு மாநிலக் குறியீடு, நமக்கு 33. அடுத்த பத்தும் அவருடைய பான் எண். ஜிஎஸ்டி எண்ணைக் காட்டினால் பான் எண்ணையும் சேர்த்தே காட்டியதாகிவிடும். பில்லின் அடியில் யுபிஐ கியூஆர் கட்டம் வேறு இருக்கும். அதுபோக, யார் யாரிடம் என்ன விலைக்கு வாங்குகிறார் என்பது சேலத்து மொத்தச் சந்தையான லீ பஜாரில் பரம ரகசியம். அது நம் வீடியோவிலிருந்து கசிந்தால் அதோடு நம் கடை மூடல்தான். 'மாதிரி கடை' என்ற பெயரில் பொய்க் கணக்கு ஒன்றை உருவாக்கி வைத்துக்கொண்டு எல்லாப் பதிவையும் அதிலேயே எடுங்கள்.

எந்த நாளில் எதை

பில்லிங் மென்பொருள் விற்பவர்களுக்கு நாட்காட்டியை அரசாங்கமே போட்டுக் கொடுத்திருக்கிறது. மாதாமாதம் கணக்கு காட்டுபவர்களுக்கு, விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்துக்குக் கடைசி நாள் 11-ம் தேதி, வரி கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்துக்கு 20-ம் தேதி. அதற்கான பதிவை 8-ம் தேதி போடுங்கள். 11-ம் தேதி போட்டால் யாருக்கும் பார்க்க நேரம் இருக்காது, எல்லாரும் நமக்கே போன் போட்டுக்கொண்டிருப்பார்கள். மார்ச் கடைசி வாரம் புது பில் வரிசை தொடங்குவது எப்படி என்று ஒரு வீடியோ. பில் எண் 16 எழுத்தைத் தாண்டக் கூடாது என்பதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள். கடைப் பெயர், வருடம், கிளை என்று எல்லாவற்றையும் எண்ணுக்குள் திணிக்கிறவர்கள் நிறையப் பேர்.

2025 செப்டம்பர் 3-ம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் விகிதங்களை மாற்றி அறிவித்தது. செப்டம்பர் 22-ல் நடைமுறைக்கு வந்தது. நம்மைப் போன்ற நிறுவனத்துக்கு ஒரு வருடப் பதிவின் மதிப்பு அந்த இடைவெளியில் இருந்தது. பொருள் பட்டியலில் வரியை எங்கே மாற்றுவது, 21-ம் தேதி ராத்திரி கடை மூடியபின் மாற்றுவது ஏன் நல்லது என்று படிப்படியாகக் காட்ட வேண்டிய நேரம் அது. மாற்றம் இல்லாதவர்களுக்கும் ஒரு பதிவு வேண்டும். வெள்ளி நகைக்கு 3 சதவீதம் அப்படியேதான் இருந்தது. "கொலுசுக் கடைக்காரர்களே, நீங்கள் எதையும் தொட வேண்டாம்" என்ற ஒற்றை வரிப் பதிவு எத்தனையோ போன்களை மிச்சப்படுத்தும்.

அட்சய திருதியை அன்றும் ஆடித் தள்ளுபடி உச்சத்தில் இருக்கும் நாட்களிலும் புது வசதி அறிவிப்பு எதுவும் போடாதீர்கள். அவர்கள் கடையில் கூட்டம்.

யார் எதில் இருக்கிறார்கள்

ஒரு கடைக்குள்ளேயே மூன்று பேர் இருக்கிறார்கள். பெரியவர் யூடியூப் பார்ப்பார். மகன் இன்ஸ்டாகிராமில் இருப்பார், மென்பொருளை மாற்றலாமா என்று முதலில் யோசிப்பவர் அவர்தான். கணக்கருக்கு வாட்ஸ்அப் போதும். ஒரே விஷயத்தை மூவருக்கும் மூன்று விதமாகக் கொடுக்க வேண்டும்: பெரியவருக்கு முழு வீடியோ, மகனுக்கு ரீல்ஸில் முடிவு மட்டும், கணக்கருக்கு ஒரு படமும் நான்கு வரியும். ஏற்காட்டில் ஒண்டிக்கடை பக்கம் மிளகும் காபிக் கொட்டையும் வாங்கும் வியாபாரி ஒருவர், "வீடியோ சுத்திக்கிட்டே நிக்குதும்மா, எழுதி அனுப்பு" என்றார். மலைமேல் இருப்பவர்களுக்கு அதனால் படமும் எழுத்தும்தான் அனுப்புகிறோம்.

வாட்ஸ்அப் குழு மட்டும் தொடங்காதீர்கள். ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியும்; போட்டி நிறுவனத்து ஆள் உள்ளே வந்தால் மொத்தப் பட்டியலும் அவர் கையில். காலை வணக்கப் படங்கள் தனி இம்சை. அதற்குப் பதில் வாட்ஸ்அப் சேனல் வையுங்கள்; அதில் பின்தொடர்பவர்களின் எண் ஒருவருக்கொருவர் தெரியாது. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் வைத்தால் ஒன்றுக்கு 256 பேர்தான், அதுவும் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்தவருக்கு மட்டுமே போய்ச் சேரும். மென்பொருள் போட்டுக் கொடுக்கப் போகும் பையன் கிளம்புவதற்கு முன் கடைக்காரர் போனில் நம் எண்ணைச் சேமித்துவிட்டு வர வேண்டும். எங்கள் இன்ஸ்டலேஷன் தாளில் அதற்கு ஒரு கட்டமே இருக்கிறது.

லிங்க்ட்இன் ஆள் எடுக்க மட்டும். கருப்பூர் அரசுப் பொறியியல் கல்லூரியில் படிக்கிற பிள்ளைக்கு சேலத்திலேயே இப்படி ஒரு வேலை இருப்பது தெரிய வேண்டும். கேக் வெட்டும் படத்தை விட, டச் கணக்கில் மூன்றாவது தசமத்தில் வந்த பிழையை எப்படிப் பிடித்தோம் என்று எங்கள் டெவலப்பர் எழுதினால் அந்தப் பிள்ளை நின்று படிக்கும்.

திட்டு வரும்போது

கருத்தை அழிக்காதீர்கள். பதிலுக்கு வாதாடவும் வேண்டாம். "அண்ணா, உங்கள் எண்ணுக்கு இப்போதே கூப்பிடுகிறோம்" என்று ஒரு வரி போட்டுவிட்டு உண்மையிலேயே கூப்பிடுங்கள். சரிசெய்தபின் அதே இடத்தில் வந்து என்ன கோளாறு, எப்படிச் சரியாயிற்று என்று எழுதுங்கள். திட்டைப் படிக்கிற அடுத்த ஆள் அதையும் படிப்பார். சர்வர் படுத்துவிட்டால் வாடிக்கையாளர் சொல்வதற்கு முன் நாமே வாட்ஸ்அப் சேனலில் சொல்லிவிட வேண்டும். புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லையென்றாலும் அரை மணிக்கு ஒருமுறை "இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று போடுங்கள்.

பலன் இருக்கிறதா என்று பார்க்க லைக்கை எண்ண வேண்டாம். தட்டினால் வாட்ஸ்அப் திறந்து செய்தி தானாக நிரம்பி நிற்கும்படி இணைப்பு உருவாக்கலாம். யூடியூபுக்கு ஒரு வாசகம், இன்ஸ்டாகிராமுக்கு வேறு வாசகம் வைத்தால் யார் எங்கிருந்து வருகிறார் என்று தெரியும். மற்றதற்கு அந்த நோட்டே போதும்: வீடியோ போட்டபின் அதே கேள்வி நோட்டில் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். குறையவில்லை என்றால் வீடியோ புரியவில்லை, மறுபடி எடுங்கள்.

கடைசியாகக் கணக்குகளின் சாவி. ஃபேஸ்புக் பக்கத்துக்கு இரண்டு நிர்வாகிகளாவது இருக்க வேண்டும், அதில் ஒருவர் முதலாளி. இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டு, அதற்கான சிம்மை அலுவலகத்தின் பெயரில் வாங்குங்கள். பதிவு போடுகிறவர் வேலையை விட்டுப் போனால், கணக்குத் தீர்க்கும் நாளிலேயே அவர் பெயரை நிர்வாகிப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். நான் போனாலும் சரி.