ஐஆர் விளக்கு வாங்கியும் இருட்டாகவே இருக்கிறதா?

எங்கள் தோட்டத்தில் ஒரு நாள் இரவு மோட்டார் கேபிளை வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதன் பிறகுதான் கேமரா வைத்தோம். கேமராவோடு வந்த விளக்கு இரவில் போதவில்லை. பெட்டியில் ‘100 மீட்டர்’ என்று போட்டிருந்த, அகச்சிவப்பு ஒளி வீசும் தனி ஐஆர் விளக்கு ஒன்றை வாங்கிவந்து மாட்டினோம். மறுநாள் காலை பதிவைப் பார்த்தால், ஒற்றை வாழை இலை மட்டும் சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளையாக நின்றது. அதற்குப் பின்னால் இருந்த மோட்டார் அறையையே காணவில்லை.

விளக்கில் கோளாறு ஏதும் இல்லை. பச்சை இலை, கண்ணுக்குத் தெரியாத இந்த அகச்சிவப்பு ஒளியைப் பெருமளவு திருப்பி அனுப்பிவிடும். கேமராவுக்கு மிக அருகில் தொங்கிய அந்த இலையின் வெளுப்பைக் கண்டு, வெளிச்சம் அதிகம் என்று கேமரா தன் பார்வையைக் குறுக்கிக்கொண்டது. அதனால் தூரத்தில் இருந்ததெல்லாம் இருளில் மூழ்கிவிட்டது. அரிவாளை எடுத்து அந்த இலையை அறுத்த பிறகு அறை தெரிந்தது. இன்னும் பெரிய விளக்கு வாங்கியிருந்தால் இலை இன்னும் வெளுத்திருக்கும், அவ்வளவுதான்.

அன்று முதல், விளக்கு வாங்கப் போகிறேன் என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது, எந்தக் கருவிக்கு என்றுதான். விளக்கு நமக்கு வெளிச்சம் காட்டப் போவதில்லை, கருவியின் கண்ணுக்குத்தான் காட்டப் போகிறது. அந்தக் கண் எதைப் பார்க்கும் என்று தெரியாமல் வாட்டையும் எல்இடி எண்ணிக்கையையும் ஒப்பிடுவதில் பயன் இல்லை.

கடைகளில் கிடைக்கும் விளக்குகள் பெரும்பாலும் 850 அல்லது 940 நானோமீட்டர் அலைநீளத்தில் வருகின்றன. 850 விளக்கின் முகப்பு இருட்டில் மங்கலான சிவப்பாகத் தெரியும். 940 தெரியாது. திருடனுக்குத் தெரியாமல் இருப்பதுதானே நல்லது என்று பலர் 940 வாங்கிவிடுகிறார்கள். ஆனால் சிசிடிவி கேமராவின் சிலிக்கான் சென்சாருக்கு 940-இல் பார்வை வெகுவாக மங்கிவிடும். அதே வாட் விளக்கு, அதே கேமரா, ஆனால் தெரியும் தூரம் கணிசமாகக் குறைந்துவிடும். சில அடி தொலைவில் வந்துபோகும் விலங்கைப் படம் பிடிக்க 940 சரி. தோப்பின் எல்லை வரை தெரிய வேண்டுமென்றால் 850-ஐத்தான் வாங்க வேண்டும்.

மங்கலான ஒளியைப் பெருக்கிக் காட்டும் பிம்பப் பெருக்கிக் குழாய் வைத்த இரவுப் பார்வைக் கருவிகளுக்கு இது இன்னும் கறாரான விதி. மூன்றாம் தலைமுறைக் குழாய்களின் உணர்திறன் 900 நானோமீட்டரை ஒட்டிச் சரிந்துவிடுகிறது. அவற்றுக்கு 940 விளக்கு இருந்தும் இல்லாததுபோலத்தான். தெர்மல் கேமராவோ பொருள்கள் தாமே வெளிவிடும் வெப்பக் கதிர்களைப் பார்ப்பது. அதற்கு எந்த ஐஆர் விளக்கும் தேவையில்லை. வாங்கினால் பணம் வீண்.

இன்னொன்றையும் கேமராவில் பார்த்துவிட வேண்டும். பகலில் நிறம் சரியாக வர, சென்சாருக்கு முன் ஒரு வடிகட்டி அகச்சிவப்பைத் தடுத்து நிற்கும். இரவானதும் அது விலக வேண்டும். இரவிலும் வண்ணத்தில் காட்டும் என்று விற்கப்படும் கேமராக்கள் சிலவற்றில் அது விலகுவதே இல்லை. அங்கே எத்தனை பெரிய ஐஆர் விளக்கும் பயன்படாது.

‘100 மீட்டர்’ என்ற எழுத்தை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். 100 மீட்டரில் வெள்ளைச் சுவர் தெரியுமா, மனித உருவம் தெரியுமா, முகம் தெரியுமா என்று பெட்டி சொல்லாது. தூரம் இரண்டு மடங்கானால், அதே வெளிச்சத்துக்கு நான்கு மடங்கு ஒளி வேண்டும். அதோடு விளக்கு விரியும் கோணம் லென்ஸின் கோணத்தோடு பொருந்த வேண்டும். 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் ஏறத்தாழ 100 டிகிரி அகலத்தைப் பார்க்கும். அதற்கு 30 டிகிரி விளக்கு வைத்தால் நடுவில் ஒரு வெள்ளை வட்டம் விழும், ஓரமெல்லாம் இருட்டாகவே கிடக்கும்.

தோட்டங்களில் நான் அதிகம் பார்த்த தவறு வயரில்தான் இருக்கிறது. 24 வாட் விளக்கு 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் இழுக்கும். அடாப்டரை வீட்டில் செருகிவிட்டு, எலெக்ட்ரீஷியன்கள் ‘ஒரு ஸ்கொயர்’ என்று சொல்லும் 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரை 50 மீட்டர் இழுத்தால், போக வர 100 மீட்டர். அதன் மின்தடை ஏறத்தாழ 1.7 ஓம். வழியிலேயே கிட்டத்தட்ட மூன்றரை வோல்ட் போய்விடும், விளக்கைச் சேர்வது எட்டரை வோல்ட். விளக்கு மினுக்கும், மங்கும், அல்லது எரியவே எரியாது. உடனே விளக்கு மட்டம் என்று திருப்பிக் கொடுக்கப் போகிறோம். பகலில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 12 வோல்ட் சரியாகக் காட்டும், ஏனென்றால் பகலில் விளக்கு அணைந்திருக்கிறது, மின்சாரமே ஓடவில்லை. விளக்கின் முகப்பில் உள்ள ஒளி உணரியைக் கறுப்பு டேப்பால் மூடி, விளக்கை எரியவிட்டு, விளக்கின் முனையில் அளந்து பாருங்கள். குறைந்தால் இரண்டரை ஸ்கொயர் வயருக்கு மாறுங்கள், அல்லது விளக்கின் அருகிலேயே மழை படாத பெட்டிக்குள் அடாப்டரை வையுங்கள்.

விளக்கைக் கேமராவின் மேலேயே ஒட்டி மாட்டுவதையும் தவிர்க்க வேண்டும். மழைத்துளி, பனி, தூசி, லென்ஸுக்கு முன் சிலந்தி கட்டிய ஒற்றை நூல் எல்லாம் அந்த ஒளியில் வெள்ளையாகப் பளிச்சிடும். ஒரு மீட்டராவது தள்ளி மாட்டினால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே கேமராவையும் விளக்கையும் சேர்த்து வைத்தால் விளக்கின் ஒளிதான் கண்ணாடியில் பட்டுத் திரும்பி வரும்.

விளக்கை ஆள் உயரத்துக்கு மேலே மாட்டுங்கள். எரிகிறதா என்று பார்க்க முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், குழந்தைகளையும் விடாதீர்கள். சாதாரண வெளிச்சம் கூசினால் கண் தானே மூடிக்கொள்ளும், கண்ணின் பாப்பா சுருங்கும். இந்த ஒளி தெரியாததால் கண்ணுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. லேசர் வகை விளக்கில் ஆபத்து இன்னும் அதிகம். எரிகிறதா என்று அறிய, தள்ளி நின்று கைபேசியின் முன்பக்கக் கேமராவில் பாருங்கள், எல்இடிகள் ஊதா கலந்த வெள்ளையாகத் தெரியும். அதற்கு முன் டிவி ரிமோட்டின் முனையை அந்தக் கேமராவுக்குக் காட்டிப் பொத்தானை அழுத்துங்கள். முனை மினுக்கினால் அந்தக் கைபேசியே போதும்.